ஒன்று உடைந்தால் ஒன்பதையும் கழற்றுவதா?

வலப்பனைப் பக்கம் பழைய பங்களா ஒன்றில் பூப்போட்ட யன்னல் கண்ணாடி உடைந்தால், யாரிடம் கேட்டாலும் தீர்ப்பு ஒன்றுதான். "இந்த டிசைன் இப்ப வர்றதில்லீங்க. எல்லாத்தையும் கழட்டிப்புட்டு ஒரே மாதிரியாப் போட்டுருவோம்." மேசன் பாஸ் இதைச் சொல்வார். டவுன் கண்ணாடிக் கடையில் இதைச் சொல்வார்கள். பங்களாவை ஹோட்டலாக்க வந்த கொழும்பு ஒப்பந்தக்காரரும் கணினிப் படத்தைக் காட்டி இதையே சொல்வார். ஒன்பது சதுரத்தில் எட்டு நன்றாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் ஒன்பதும் குப்பைக்குழியில் கிடக்கும். கூடவே மரச்சட்டமும் போய், அந்த இடத்தில் வெள்ளை அலுமினியமும் நீலச்சாயக் கண்ணாடியும் வந்து உட்காரும்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒருவரும் வாய் திறப்பதில்லை. பல் ஒன்று ஆடுகிறது என்று போனால் வாய் முழுவதையும் பிடுங்கச் சொல்லும் வைத்தியரிடம் நாம் இரண்டாம் தடவை போவோமா? கண்ணாடி விஷயத்தில் மட்டும் தலையாட்டிவிடுகிறோம்.

முதலில் அந்த வாதத்துக்குள் இருக்கும் ஓட்டையைப் பார்ப்போம். இந்தக் கண்ணாடி இனிக் கிடைக்காது என்கிறார்கள். சரி, கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம். கிடைக்காத பொருளில் எட்டு கையில் இருக்கும்போது அந்த எட்டையும் பத்திரப்படுத்தத்தானே வேண்டும்? அரிய பொருள் என்பதையே காரணமாகக் காட்டி மிச்சத்தையும் உடைத்தெறிவது எந்த ஊர் நியாயம்? ஜப்பானில் 1960கள், 70களில் வீட்டுக்கு வீடு பூப்போட்ட கண்ணாடி இருந்தது. ஆலைகள் அதைச் செய்வதை நிறுத்திவிட்டன. அங்கே இன்று இடிபடும் வீடுகளிலிருந்து அந்தக் கண்ணாடிகளைத் தேடிக் கழற்றிச் சேர்க்கிறார்கள். துண்டுகளைக்கூட விடாமல் சூளையில் வளைத்துத் தட்டுகளாக்கி விற்கிறார்கள். "வர்றதில்ல" என்ற அதே செய்திதான். அங்கே அது பொருளைக் காப்பாற்றுகிறது, இங்கே அழிக்கிறது.

இனி, உண்மையிலேயே கிடைக்காதா என்ற கேள்வி. பூப்போட்டது, கோடு போட்டது, சுத்தியலால் தட்டியது போலக் குழிந்தது, அலையலையாய் நெளிந்தது எல்லாமே உருளையில் பிறந்தவை. உருகிய குழம்பை மேசையில் ஊற்றி உருளையால் தகடாக்கும் முறைக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஜேம்ஸ் ஹார்ட்லி 1847இல் காப்புரிமை பெற்றார். ஸ்மெதிக் ஊரில் சான்ஸ் பிரதர்ஸ் என்றொரு ஆலை. 1851இல் லண்டன் பளிங்கு மாளிகைக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடிகளை ஊதிச் செய்துகொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், செதுக்கிய உருளையின் அடியில் குழம்பை விட்டுப் பூவைக் கண்ணாடியிலேயே பதித்தெடுக்கவும் அவர்கள் பழகிவிட்டார்கள். 1869இல் கண்ட இலைநோயில் இலங்கையின் கோப்பி செத்து, தேயிலை எழுந்து, அதன் காசில் இந்த மலைகளில் பங்களாக்கள் பெருத்த காலமும் அதுவே. கப்பலில் கொழும்புக்கு வந்த கண்ணாடிப் பெட்டி நானுஓயா வரை பெரிய ரயிலில் வந்தது. 1903, 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. ராகலைக்கு அப்பால் மாட்டுவண்டியும் ஆள் தலையும்தான்.

ஸ்மெதிக் ஆலை 1981இல் மூடப்பட்டுவிட்டது. அந்த உருளை இனி உருளாது என்பது மெய். ஆனால் உருளையால் கண்ணாடி செய்யும் தொழில் சாகவில்லை. இந்தியாவிலும் சீனாவிலும் இன்றும் நடக்கிறது. கோட்டுக் கண்ணாடி அண்மைக் காலமாக உலகம் முழுவதும் மறுபடி நாகரிகமாகியும் இருக்கிறது. நாத்தாண்டியாவின் சிலிக்கா மணல் நம் நாட்டில் போத்தலாகிறது. யன்னல் கண்ணாடியோ கப்பலில் வருகிறது. ஆகவே கடைக்காரர் "வர்றதில்ல" என்றால், இறக்குமதி செய்பவர் அதை எடுக்கவில்லை, கடையில் ஓடுகிற மூன்று நான்கு டிசைன்தான் அடுக்கியிருக்கிறது என்று அர்த்தம். அது அவர் கடையின் நிலவரம். அதை வைத்து உலகக் கண்ணாடிச் சந்தைக்கே முற்றுப்புள்ளி வைக்கத் தேவையில்லை.

பெரும்பாலானவர்கள் தேடத் தெரியாமலே தேடி, கிடைக்கவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். படத்தில் பூ மட்டும்தான் தெரியும். ஆழம் தெரியாது, தடிப்பு தெரியாது, நிறம் தெரியாது. அந்தப் பூவோடு ஒத்த பூவைத் தேடுவார்கள், இல்லை என்பார்கள். என் கணக்கில் பூ கடைசியாகப் பார்க்கவேண்டிய சங்கதி.

உடைந்த துண்டுகளில் பெரியதை எடுத்துக் கழுவித் துடைத்து, வெள்ளைத் தாள் மீது வைத்து விளிம்பைப் பாருங்கள். மணலில் இருக்கும் இரும்பைப் பொறுத்து விளிம்பு பச்சையாகவோ நீலம் தட்டியோ இருக்கும். நிறம் போக்க மாங்கனீசு சேர்த்த பழைய கண்ணாடி பல வருட வெயிலில் மெல்லிய ஊதா காட்டும். பிறகு பூவுள்ள பக்கத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் சாய்வாகத் தேயுங்கள். நாணயத்தின் மேல் பிள்ளைகள் தேய்ப்பார்களே, அதே வேலை. பூவும் கோடும் உள்ள அளவிலேயே தாளில் இறங்கிவிடும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர், ஒரு பூ எத்தனை அங்குலத்தில் மறுபடி வருகிறது என்றெல்லாம் அந்தத் தாளிலேயே அளக்கலாம். தடிப்பை மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியே வேர்னியரால் அளக்கவேண்டும். ஒரே பூ ஒரு கண்ணாடியில் ஆழமாகவும் இன்னொன்றில் மேலோட்டமாகவும் விழுந்திருக்கலாம்.

அடுத்த சோதனைக்கு வீரகேசரியின் பழைய பக்கம் ஒன்று போதும். துண்டை எழுத்தின் மேல் ஒட்ட வைத்தால் வாசிக்க முடியும். மெல்ல உயர்த்துங்கள். ஓர் இடத்தில் எழுத்துகள் கலைந்து கறுப்புப் புகையாகும். எவ்வளவு உயரத்தில் கலைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையில் பார்க்கும் கண்ணாடியையும் இதே பக்கத்தின் மேல் இதே மாதிரி உயர்த்திப் பாருங்கள். ஏறக்குறைய அதே உயரத்தில் எழுத்து கலைந்தால், அந்தக் கண்ணாடி பழையது செய்த வேலையைச் செய்யும். பூவின் இதழ் கொஞ்சம் வேறாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏனென்றால் யன்னலை யாரும் உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதில்லை. பத்தடி தள்ளி நின்று, பின்னால் மூடுபனி வெளுத்திருக்கும்போது பார்க்கிறோம். அல்லது இராத்திரி உள்ளே விளக்கெரிய வாசலில் நின்று பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் கண்ணில் குத்துவது முதலாவது வெளிச்சம்: ஒன்பது சதுரத்தில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் உடனே தெரியும். இரண்டாவது கோட்டின் திசை. நெட்டுக்கோடு நிற்கவேண்டிய இடத்தில் கிடைக்கோடு படுத்திருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரியான கண்ணாடியையே வாங்கிவந்து, வெட்டும்போது சேதாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கண்ணாடித் தாளைத் திருப்பிப்போட்டு வெட்டி, வேலையையே கெடுத்த பாஸ்மார் உண்டு. மூன்றாவது, மேடுபள்ளமுள்ள முகம் எந்தப் பக்கம் என்பது. பழைய யன்னல்களில் அது பெரும்பாலும் உள்ளே பார்த்து இருக்கும். மழையும் தூசியும் படும் வெளிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். பக்கத்துச் சதுரத்தை விரலால் தடவினால் தெரிந்துவிடும் விஷயத்தைத் தடவிப் பார்க்காமலே மாட்டிவிடுகிறார்கள். பிறகு, "பார்த்தீங்களா, சேரவே சேராது" என்று சொல்லவும் செய்கிறார்கள்!

எதிர்த்தரப்பு ஒருபோதும் எடுத்துப் பேசாத வழி ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பங்களா கட்டியவர்கள் ஒரு யன்னலுக்கு என்று கண்ணாடி வாங்கவில்லை, பெட்டிக் கணக்கில் வாங்கினார்கள். முன்னறை யன்னலில் உள்ள அதே டிசைன் பின்பக்கக் குளியலறையில் இருக்கலாம். சமையலறைக்குப் பின்னால் சாமான் அறையில், பங்களா வேலையாள் அப்பு தங்கிய காம்பராவின் காற்றுச்சதுரத்தில் இருக்கலாம். பின்னாலிருந்து ஒன்றைக் கழற்றி முன்னால் போடுங்கள். கடையில் கிடைத்த நெருங்கிய சோடியைப் பின்னால் போடுங்கள். அங்கே அதன் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சதுரம் இருக்காது, பார்க்க ஆளும் இருக்காது. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று சட்டத்தின் உட்பள்ளத்தில் திகதியோடு பென்சிலால் எழுதிவிட்டால் அடுத்து வருபவருக்கும் குழப்பமில்லை.

"கழட்டுறப்ப உடைஞ்சிருமே?" இது நேர்மையான கேள்வி. உடையத்தான் செய்யும், உளியை வைத்து நெம்பினால். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நூறு வருடப் புட்டி கல்லாகியிருக்கும். வெந்நீராவியோ வெப்பக்காற்றோ காட்டி, பக்கத்துக் கண்ணாடிக்குச் சூடு போகாமல் தடுப்பு வைத்து, புட்டி இளகும்வரை பொறுத்தால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது, நனைத்துத்தான் சுரண்டவேண்டும். வெட்டும்போது கீறல் வழுவழுப்பான முகத்தில் விழவேண்டும். பூப்பக்கம் கீறினால் சக்கரம் துள்ளும், பிளவு தாறுமாறாக ஓடும். திரும்பப் போடும்போது ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் பிசைந்த பழைய புட்டியே போதும். சிலிக்கன் வைத்து ஒட்டிவிட்டால் அடுத்த தடவை அதை முழுசாகக் கழற்றுவது பெரும்பாடு. பழுது பார்க்க முடியாத யன்னலைச் செய்துவிட்டு, பிறகு பழுது பார்க்க முடியாது என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

கண்ணாடி ஏன் உடைந்தது என்று யாராவது கேட்கிறார்களா? பந்து பட்டு உடைந்தால் சரி. மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் ஓடியிருந்தால், பெரும்பாலும் சட்டம் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். இது மண் நகரும் பூமி. 2007 ஜனவரியில் வலப்பனையில் மலை சரிந்ததை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த அளவுக்குப் போகாமலே, ஒவ்வொரு அடைமழைக்கும் சரிவில் நிற்கும் சுவர் ஒரு நூல் அசைகிறது. சின்னச் சின்னச் சதுரங்களும், சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியும் அந்த அசைவை ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஆடினாலும் ஒரு சதுரம் போகும், எட்டு நிற்கும். ஒன்பதையும் எடுத்துவிட்டு இறுக்கமாக ஒரே பெரிய தாளைப் போட்டால் அடுத்த அசைவுக்கு முழுத்தாளும் போகும். மாற்றச் சொன்னவர் அப்போது வேறு ஊரில் வேறு பங்களாவில் இருப்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் தொழில் சங்கதி. என்னை உறுத்தும் மறுப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. தோட்டத் தொழிலாளரின் லயத்திலிருந்து. "துரை பங்களாக் கண்ணாடிக்கா இவ்வளவு பாடு? எங்க காம்பராவுக்கு யன்னலே இல்லையே!" பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒரு கதவும் கையகல ஓட்டையுமாக, புகைக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களின் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. இதைச் சிரித்துத் தள்ளுபவர் இந்த மலைநாட்டைப் பற்றி எழுதத் தகுதியில்லாதவர்.

ஆனாலும் கேள்வி தவறான ஆளைக் குத்துகிறது. பங்களாவின் எட்டுக் கண்ணாடியைக் குப்பையில் போட்டதால் எந்த லயத்துக்கும் ஒரு யன்னல் வந்ததில்லை. வெளியிலிருந்து இறக்கிய அலுமினியத்துக்குப் போகும் காசு தோட்டத்துக்குத் திரும்புவதில்லை. பழுது பார்ப்பதில் செலவாகும் காசில் பெரும்பங்கு கூலி, அதைப் பெறுபவர் நம் ஊர்ப் பாஸ். பழைய கண்ணாடி பங்களாவில் மட்டும் இருக்கிறது என்பதும் சரியல்ல. தோட்டத்து டிஸ்பென்சரிகளில் இருக்கிறது, செக்ரோல் ஆபிஸ்களில் இருக்கிறது, தேவாலயங்களின் பக்க யன்னல்களில் இருக்கிறது. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடியைத் தொடச் சொன்னால் எந்த பாஸும் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுவார். அதே காலத்து டிஸ்பென்சரிக் கண்ணாடிக்கு அந்த மரியாதையில் கால்வாசி கிடைத்தாலும் போதும்.

வெள்ளைக்காரன் கட்டியது என்பதால் உழைப்பவர்களுக்கு அதில் ஒட்டில்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. நுவரெலியாவில் 1894இல் செங்கல்லால் கட்டிய தபாற்கந்தோரை ஹோட்டலுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது, 2023 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தவர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்ல, தபால் ஊழியர்கள். அந்தக் கட்டடத்தில் முத்திரை குத்துபவர்களும் கடிதம் பிரிப்பவர்களும்.

இன்னொன்றும் உண்டு. எந்த இடத்தில் தெளிந்த கண்ணாடி, எந்த இடத்தில் மங்கல் கண்ணாடி என்று ஒரு பங்களாவைச் சுற்றிப் பாருங்கள். தோட்டத்தைப் பார்க்கும் பக்கமெல்லாம் தெளிவு. துரை நாற்காலியில் இருந்தபடி மலையைப் பார்க்கவேண்டும். குளியலறை மங்கல், அது எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் சில பங்களாக்களில் சாப்பாட்டு அறைக்கும் அப்பு வேலை செய்யும் பென்ட்ரிக்கும் நடுவில் உள்ள கதவிலும் மங்கல் கண்ணாடி இருக்கும். வெளிச்சம் போகவேண்டும், ஆள் தெரியக்கூடாது. தட்டோடு நிற்பவரின் நிழல் அசைந்தால் போதும், முகம் வேண்டியதில்லை. இந்த மலையில் யார் யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்கக்கூடாது என்றிருந்த சட்டம் அந்தக் கதவில் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் நிற்கிறது. ஹோட்டல்காரர் அதைக் கழற்றிவிட்டுத் தெளிந்த கண்ணாடி போட்டால், விருந்தாளிக்கு இனிமையான பழைய காலம் ஒன்று கிடைக்கும். நமக்குரிய சாட்சி போய்விடும். லயத்துப் பிள்ளை அந்தக் கண்ணாடியை உடைக்கச் சொல்வதைவிட, அது அங்கேயே இருக்கவேண்டும் என்று கேட்பதில்தான் நியாயம் அதிகம்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ, அதாவது கண்டி உடன்படிக்கையின் நாளை, எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியவை தாமாகவே தொன்மை. பிந்தியவை தனியாக அறிவிக்கப்பட்டால்தான் உண்டு. கோப்பியும் தேயிலையும் கட்டிய அத்தனையும் அந்த நாளுக்குப் பிந்தியவை. வலப்பனையின் ஒரு தோட்டத்து யன்னலைத் தேடி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. யன்னலின் கதி பழுது பார்க்க ஆள் கூப்பிடுபவரின் வாயில் இருக்கிறது.

மறுபக்கத்தில் தூய்மைவாதிகளும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, சத்தத்தில் அதிகம். அச்சொட்டாக அதே கண்ணாடி வேண்டும், இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து எடுப்போம், பழையதிலிருந்து அச்செடுத்துச் சூளையில் வார்ப்போம் என்பார்கள். செய்யலாம். சூளையில் கண்ணாடியை இளக்கி அச்சின் மேல் படியவைக்கும் வேலை தெரிந்தவர்கள் உண்டு. தேவாலயத்தின் முகப்பு யன்னலுக்கு அது தகும். சாமான் அறைக்கு அந்தச் செலவைச் சொன்னால் வீட்டுக்காரர் பயந்துபோய் நேரே அலுமினியத்துக்கு ஓடுவார். இந்த வகையில் தூய்மைவாதியும் ஒப்பந்தக்காரரும் கூட்டாளிகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் கதவும் யன்னலும் கண்ணாடியும் குவிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள், அங்கே போய் வாங்கலாமே என்பார்கள். ஏற்கெனவே விழுந்துவிட்ட வீட்டின் கண்ணாடி என்றால் வாங்கலாம். ஆனால் விலை ஏற ஏற, நிற்கும் வீட்டையும் இடித்து விற்கும் ஆசை வருகிறது. ஒரு யன்னலின் ஒழுங்குக்காக இன்னொரு வீட்டைக் குருடாக்கக்கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகிறேன். கதவின் கீழ்ப்பாதியிலும், பிள்ளைகள் ஓடும் நடையின் ஓரத்திலும் பழைய உருளைக் கண்ணாடி ஆபத்து. உடைந்தால் கத்தியாகத்தான் விழும். அங்கே கடினப்படுத்திய புதுக் கண்ணாடியே போடவேண்டும், அதே குடும்பத்து டிசைன் கிடைத்தால் நல்லது. பென்ட்ரிக் கதவைப் போன்ற சாட்சிகளை மட்டும் விட்டுவைத்து, பின்னால் இன்னொரு தாளைக் காவலுக்கு நிறுத்தலாம். மற்றபடி கதவிலிருந்து முழுசாகக் கழற்றிய பழைய கண்ணாடிகள்தான் மேலே யன்னலில் விழுந்த ஓட்டைக்கு முதல் கையிருப்பு. பாதுகாப்பைக் காரணம் காட்டி யன்னலை மாற்றச் சொல்பவர்கள் கதவை மாற்றட்டும். யன்னலுக்குத் தேவையான அசல் சோடி அந்த வேலையிலேயே கிடைத்துவிடும்.

எஸ்டிமேட் கேட்கும்போதே இதை முடிவு செய்யவேண்டும். "யன்னல், ஒன்று, மாற்றுதல்" என்று ஒற்றை வரியில் எழுதிவந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்த சதுரம் எத்தனை, அதற்கு மாற்று வீட்டின் எந்த அறையிலிருந்து, அந்த அறைக்குப் போடப்போகும் புதுக் கண்ணாடியின் மாதிரித் துண்டு எங்கே, புட்டியா சிலிக்கனா, சட்டத்தை நேராக்கக் கூலி எவ்வளவு, கழற்றிய பழைய துண்டுகள் யாருக்குச் சொந்தம் என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசி வரியை அழுத்திக் கேளுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்று அடம் பிடிக்கும் ஒப்பந்தக்காரர்களில் சிலர் அந்த எட்டுக் கண்ணாடியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போவதுண்டு. அவற்றை வாங்குவதற்கு எங்கேயோ ஆள் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.